செடியும் மூச்சு விடும்

நவம்பர் புகைமூட்டம். மயூர் விஹார் போகும் மெட்ரோவில், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் ஒரு தம்பதி என் எதிரே. மனைவியின் கையில் இன்ஹேலர், கணவரின் மடியில் மணி பிளான்ட் தொட்டி.

"உனக்கு ஆக்ஸிஜன் கொடுக்கும்னு வாங்கினேன். கட்டில் பக்கத்துல வைக்கலாம்."

"வெளிச்சம் இருந்தாத்தாங்க இலை ஆக்ஸிஜன் கொடுக்கும். ராத்திரி அதுவும் நம்மள மாதிரி ஆக்ஸிஜனை எடுத்துக்கிட்டு மூச்சு மட்டும்தான் விடும்."

அவர் முகம் வாடியது. "அச்சா... அப்ப ராத்திரி பால்கனில வச்சிடறேன்."

"இந்தப் புகையிலயா? பாவம். அது எடுத்துக்கறது துளியூண்டு. நீங்களும்தான் பக்கத்துல படுத்து மூச்சு விடறீங்க. உங்களைப் பால்கனிக்கா அனுப்பினேன்?"

"மூணு நாளா ஆஸ்பத்திரி வராண்டாலதானே படுத்தேன்."

"தெரியும்," என்று மனைவி தொட்டியைத் தன் மடிக்கு வாங்கிக்கொண்டார். "கொஞ்சம் சாஞ்சு தூங்குங்க. ஸ்டேஷன் வந்ததும் எழுப்பறேன்."