கேமராவுக்கு வைத்த பொட்டு

கோரிமேடு போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு கார் டிரைவர்கள். ஒருவர் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"ஆயுத பூஜையன்னிக்கு முதலாளி காரோட பின்னாடி கேமராவுக்கும் சந்தனம் குங்குமம் வெச்சுட்டேன்."

"அப்புறம்?"

"மறுநாள்லேருந்து ரிவர்ஸ் எடுத்தா ஸ்கிரீன் ஒரே இருட்டு. தொடச்சும் வரல. வேல போயிடும்னு முதலாளிகிட்ட மூச்சு வுடல."

"இப்ப?"

"அந்த மாடல்ல கேமரா பூராவும் கோளாறாம். கம்பெனியே கூப்ட்டு இலவசமா மாத்திக் குடுத்துட்டாங்க. வண்டிய முதலாளி வூட்ல வுட்டுட்டுதான் வரேன். இன்னிக்குதான் சோறு எறங்குச்சு."

"அடுத்த பூஜைக்குப் பொட்டு வெப்பியா?"

"வெக்காம இருக்க முடியுமா? கண்ணுல வெக்காம கொஞ்சம் மேல, நெத்தியில வெப்பேன்."