பழைய தோணி விளையாட்டு

"தண்ணியை நிப்பாட்டினா ஓடும் அக்கா."

மட்டக்களப்பில், கம்பியூட்டர் திருத்தும் கடை வரிசையில், எனக்கு முன்னால் நின்ற பெண்ணிடம் கடைக்காரர் இப்படிச் சொன்னார். அவளுடைய பழைய மெஷின் மேசையில் திறந்து கிடந்தது. எனக்குப் பின்னால் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

"தன்னாமுனையில இருந்து பஸ்ஸில ரெண்டாந்தரம் இதை மடியில வச்சுக்கொண்டு வாறன் தம்பி. முதல்ல அந்தத் தோணி விளையாட்டு திறக்கவே இல்ல. நீங்க திறந்து தந்தீங்க. இப்ப விக்கி விக்கி நிக்கிது."

"விளையாட்டும் பழசு, மெஷினும் பழசு. அலையெல்லாம் காட்ட இதுக்கு ஏலாது. செட்டிங்ஸில தண்ணி அசையிறதை நிப்பாட்டி விட்டா தோணி பறக்கும்."

"தோணி பறக்க வேணாம். எங்கட வீட்டு மனிசன் முப்பது வருசம் வாவியில வலை போட்டவர். கால் ஏலாமப் போனதில இருந்து, இதில தோணியை நடுவில நிப்பாட்டிப்போட்டு தண்ணியைத்தான் பாத்துக்கொண்டிருக்கார்."

கடைக்காரர் மௌஸை நகர்த்தி செட்டிங்ஸைத் திறந்தார்.

"அப்ப கரையில நிக்கிற மரங்களை எடுப்பமா?"

"மரத்தை எடுங்க. வானத்தையும் எடுங்க. தண்ணி கிடக்கட்டும்."