கீழே ஆள் இல்லை

எனக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. பந்தியில் நாலாவது தடவை சாம்பார் வாளி வந்தாலும் ஊற்றுங்கள் என்றுதான் சொல்வேன். என் வயிறே அதற்குச் சாட்சி. வாக்குமூலத்தில் இதை முதலில் எழுதிக்கொண்டால் மிச்சம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

பெயர் ரெமிஜியஸ். வளைகுடாவுக்குக் கிரேன் ஓட்டப் போகிறவர்களுக்குத் தாராசுரம் பக்கம் பயிற்சி தருகிறோம். அங்கே கம்ப்யூட்டர் பொறுப்பு எனக்கு. நிஜக் கிரேன் கிடையாது. திரையில் கட்டட வேலை நடக்கும். லிவரைப் பிடித்துச் சுமையைத் தூக்கி இறக்கிப் பழக வேண்டும். ஜூனில் மேட்டூர் திறக்காத வருஷம் அது. குறுவை இல்லை, அதனால் அட்மிஷன் களைகட்டியது.

எங்கள் கம்ப்யூட்டர்களில் கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. கார்டு செய்யவேண்டிய வேலையை டிரைவர் என்கிற ஒரு மென்பொருள் எப்படியோ ஒப்பேற்றிவிடும். புதிதாக வந்த பயிற்சி புரோகிராமோ, படம் வரைகிற ஓப்பன்ஜிஎல் முறையில் 3.3-ஆம் பதிப்பு வரை தெரிந்த டிரைவர்தான் வேண்டும் என்று அடம்பிடித்தது. எங்களுடையதற்கு 2.1 வரைதான் தெரியும்.

“திங்கக்கிழமை பேட்ச் ஆரம்பிக்கணும் ரெமி. முடியும்ல?” என்றார் முதலாளி லியாகத் அலி.

முடியும் என்றேன். ஒரே ஒரு வரி எழுதினால், யார் கேட்டாலும் அந்த டிரைவர் தன்னை 3.3 என்று சொல்லிக்கொள்ளும். டிராக்டர்கூட ஓட்டாதவனுக்கு ‘ஐந்து வருட அனுபவம்’ என்று பயோடேட்டா தட்டிக் கொடுத்த கை இது. ஒரு மென்பொருளுக்குச் செய்யக்கூடாதா? அன்று மாலை எனக்கு நானே பரோட்டா வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினேன்.

கட்டடம், கம்பி, வானம் எல்லாம் திரையில் வந்தன. கீழே நடமாடும் தொழிலாளர்கள் மட்டும் வரவில்லை. ஆட்களைக் கூட்டமாக வரைய 3.3 உண்மையிலேயே வேண்டும், வாயால் சொன்னால் போதாது. சுமை யாரையாவது இடித்ததா என்பதையும் அந்தப் படத்தை வைத்துத்தான் புரோகிராம் கணக்கிடும். ஆளே இல்லையா, எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு.

முதல் நாளே பார்த்துவிட்டேன். ஆடுதுறை அஸாரும் பார்த்தான்.

“சார், கீழ ஆளுங்க நடப்பாங்கன்னு புக்குல போட்டிருக்கு. யாரையும் காணோமே?”

“ஒழுங்கா ஓட்டுனா குறுக்க வரமாட்டாங்க தம்பி” என்றேன். வகுப்பே சிரித்தது. எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த வருஷம் இருநூற்றுப் பதினோரு பேர் தேறினார்கள். வேகத்தில் அஸார்தான் முதலிடம். அவன் வளைகுடாவுக்குப் போன எட்டாவது மாதம், அங்கே அவன் இறக்கிய இரும்புக் கட்டு நீடாமங்கலத்துப் பக்கிரி மேல் விழுந்தது. பக்கிரி இறந்துபோனார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். அஸார் கீழே பார்க்கவே இல்லையாம்.

அவன் அம்மா சைத்தூன் பீவி என்னைத் தேடி வந்தார்.

“புள்ளைய உள்ள வச்சிருக்காங்க சார். நல்லா கத்துக்கிட்டவன்தான்னு ஒரு லெட்டர் குடுங்க.”

அந்த ஒரு வரியைப் பற்றி நான் வாய் திறந்திருந்தால் அவன் வெளியே வந்திருக்கலாம். பயமாக இருந்தது. வேலை போய்விடும். அதனால் கடிதம் எழுதினேன்: முழுப் பயிற்சி பெற்றவர், தேர்வில் ஒருவரைக்கூட இடிக்காதவர். இவ்வளவு தெரிந்தவன் கவனிக்காமல் விட்டது அவனுடைய குற்றமே என்று, அதே கடிதத்தைக் காட்டி, அங்கே அவனுக்கு ஏழு வருஷம் போட்டார்கள்.

அவன்மேல் உள்ள இரக்கத்தில் மதிப்பெண்களை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுதினேன். அந்தக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, ஐயா.