உபகாரம் துடைத்து வைக்கும் பம்ப்

அலமாரியில் துணி சுற்றி இருப்பது விற்பனைக்கு இல்லை, சார். உங்கள் ஜீப்புக்கு அது சேரவும் சேராது. ரேடியேட்டர் ஆற அரை மணி ஆகும். உபகாரம் டீ வாங்கப் போயிருக்கிறான். உட்காருங்கள். பெருமாள்மலையில் என்னிடம் வண்டி விடுகிறவர்களில் பாதிப் பேர் என் பேச்சுக்காக வருகிறார்கள். மீதிப் பேருக்கு வேறு மெக்கானிக் கிடையாது.

எழுபத்தாறில் உபகாரத்திடம் ஒரு லாரி இருந்தது. பட்டாளம் கழித்துவிட்ட பழைய பெட்ரோல் லாரி, நோஞ்சான். வில்பட்டியிலிருந்து கேரட்டும் முட்டைக்கோஸும் ஏற்றி, பழனி இறக்கம் வழியாக ஒட்டன்சத்திரம் போவான். பக்கத்தில் அவன் மனைவி லீமா உட்கார்ந்திருப்பாள். அவள் இல்லாமல் கமிஷன் மண்டிக்குப் போனால் சரக்கோடு சட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டு வருகிற ஆள் அவன்.

பெட்ரோல் ஏறிய ஏற்றத்தில் லாரியை விற்கப் போகிறேன் என்றான். எனக்கு இளகிய மனசு. திண்டுக்கல்லில் ஒரு பஸ்ஸின் டீசல் என்ஜின் கிடந்தது, அதை மாட்டித் தருகிறேன் என்றேன். இந்த வண்டிக்கு அந்தக் கனம் ஆகாது என்று டீக்கடையில் எல்லோரும் சொன்னார்கள். அதனாலேயே மாட்டியாக வேண்டியதாயிற்று. பழையதைவிட நாலு சிமெண்ட் மூட்டை கனம் கூடுதல். வண்டியின் மூக்கு தரையை முகர்ந்தது. முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளைக் கூட்டி நிமிர்த்தினேன். அழகாகத்தான் இருந்தது.

அலமாரியில் இருக்கிற பம்புக்கு வருகிறேன். பெட்ரோல் என்ஜின் காற்றை இழுக்கும். அந்த இழுப்பை வைத்துத்தான் அந்த லாரியின் பிரேக்குக்குப் பலம். டீசலில் அந்த இழுப்பு கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு வாக்குவம் பம்ப் மாட்ட வேண்டும். மாட்டாவிட்டாலும் பிரேக் பிடிக்கும். மிதிக்கத்தான் யானைக்கால் வேண்டும். நம் லாரி ஒடுக்கம், பம்ப் சேசிஸில் இடித்தது. வெட்டி வெல்டிங் வைக்க ரெண்டு நாள் ஆகும்.

மறுநாள் சலேத் மாதா திருவிழா. கோயில் வாசலில் வண்டி மந்திரிப்பு. சாமியார் தீர்த்தம் தெளிக்க நேரம் குறித்தாயிற்று, லீமா மாலை கட்டியாயிற்று. எங்கள் ஆட்கள் மந்திரிக்காத வண்டியில் மூட்டை ஏற்றமாட்டார்கள். மந்திரித்த வண்டியை ஒரு கேள்வியும் கேட்கமாட்டார்கள். பம்பைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு லாரியைக் கொடுத்தேன். திருவிழா முடிந்ததும் மாட்டிவிடலாம் என்றுதான்.

திருவிழா முடிந்தது. டீக்கடையில் ஆகாது என்றவர்களே வந்து கை கொடுத்தார்கள். மறுபடி பிரித்தால், முடிக்காமல் கொடுத்தேன் என்று ஆகும். ஒரு வாரம் போகட்டும் என்று விட்டேன்.

உபகாரம் வந்து சொன்னான்: "பரமு, பிரேக்கு கல்லு மாதிரி கெடக்குலே."

"லீமாகிட்டச் சொல்லி ரெண்டு முட்டை சேத்து அவிக்கச் சொல்லு. காலுல சத்து இல்லாம பிரேக்கைக் குத்தம் சொல்லாத."

லீமாதான் அதிகம் சிரித்தாள். அதன் பிறகு அவன் மூன்று தடவை வந்தான். நான் மூன்று வேறு வேறு பதில் சொன்னேன். ஒரே நகைச்சுவையைத் திருப்பிச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை.

இருபத்திரண்டாம் நாள் காலையில், சவரிக்காட்டுக்கு மேலே, ஒரு வளைவில் லாரி வளையவில்லை. மூட்டை மேல் உட்கார்ந்து வந்த சுமைகூலி, பேத்துப்பாறை மலையன், தூக்கியெறியப்பட்டு, லாரி பள்ளத்துக்குப் போகும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தான். லீமாவைச் சாயந்திரம் மேலே கொண்டுவந்தார்கள். உபகாரத்துக்கு இடுப்பு எலும்பு மட்டும்.

லாரியைப் பார்த்துச் சொல்லப் போலீஸ்காரர்கள் மெக்கானிக்கைத் தேடினார்கள். பெருமாள்மலையில் மெக்கானிக் யார்? பிரேக் ஷூ சரி, டிரம் சரி, பிரேக் ஆயில் ஒழுகவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு வரியும் பொய் இல்லை. பம்ப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். இட்லியை ஊட்டிவிட்டேன்.

"நான் மிதிச்சேன் பரமு. ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சேன்."

"மிதிக்கலப்பா. கண்ணசந்துட்ட. நாலு நாளா வெள்ளனே எந்திரிச்சு ஓடுன உடம்பு."

தலையை ஆட்டி மறுத்தான். மறுநாளும் போனேன். ஒன்பது நாள் இட்லியோடு போனேன். பத்தாம் நாள், நான் வாயைத் திறக்கும் முன்பே அவன் சொன்னான்.

"நாந்தாம்ல கண்ணசந்துட்டேன். நாந்தான் அவளைக் கொன்னுட்டேன்."

கோர்ட்டிலும் அதையே சொன்னான். ஒரு வருஷம் உள்ளே இருந்துவிட்டு வந்தான். அதற்குப் பிறகு ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. இங்கேதான் இருக்கிறான், என் வீட்டுச் சோறு. சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவுவான். சனிக்கிழமைதோறும் அந்தத் துணியை அவிழ்த்து, பம்பைத் துடைத்து, எண்ணெய் போட்டு, சுற்றி வைப்பான். இது எந்த வண்டியோடது என்று ஒருமுறை கேட்டான். வராமல் போன வண்டியோடது என்றேன். பாவம், சிரித்தான்.

அதோ, டீயோடு வருகிறான். இதைப் பற்றி அவனிடம் ஒன்றும் கேட்டுவிடாதீர்கள், சார். பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன். இந்த மலையில் அவனுக்கென்று மிச்சம் இருப்பது நான் ஒருத்தன்தான். என்னையும் அவனிடமிருந்து பறிக்க எனக்கு மனசு வரவில்லை.