ஓடிக்கிட்டே இருந்த ஃபேன்

...நல்லா ஓடிக்கிட்டிருக்கற ஃபேனை நிறுத்தறதுக்குன்னே ஒரு பெட்டியக் காசு குடுத்து வாங்கிச் செவுத்துல மாட்டுவாங்களா சார்? நீங்களே சொல்லுங்க. நான் மாட்டுனேன். மாட்ட வெச்சாங்க. டிரிப்பராம். உங்க வூட்ல இருக்கா? இருக்கும். இப்பல்லாம் யாரு வூட்ல இல்ல.

பை இடிக்குதா? துணிதான். பெரம்பலூர் போற வரைக்கும் மடியிலயே வெச்சுக்கறேன். கைய மட்டும் உள்ள எடுத்துக்குங்க, சுண்ணாம்புக்கல் லாரி வருது. அந்த லாரியெல்லாம் நான் எடை போட்டுத்தான் சொரங்கத்த வுட்டு வெளிய வருது. ராத்திரி டூட்டி. பதினோரு வருஷம். ஊரு எந்திரிக்கறப்ப நான் படுக்கணும். பகல்ல தூங்கறது ஒரு தூக்கமா சார்? அரியலூரு வெயிலு உங்களுக்குத் தெரியாதா. மாசி மாசமே மண்டை பொளக்கும். தலைக்கு மேல சுத்தற ஃபேன் ஒண்ணுதான் எனக்குச் சொந்தக்காரன்.

அந்தச் சொந்தக்காரனைத்தான் இந்த டிரிப்பரு ஒரு நாளைக்கு நாலு தடவ கொன்னுச்சு.

முன்னாடியெல்லாம் பீங்கான் கட்டை சார். ஃபீஸ் போச்சுன்னா கட்டையப் புடுங்கு, கம்பியச் சுத்து, திருப்பிச் சொருவு. முடிஞ்சுது. அதுவும் கடையில விக்கற தலைமுடி மாதிரி கம்பியெல்லாம் நான் போடறதில்ல. ஒயரை உரிச்சு, செம்புக் கம்பி அஞ்சாறு இழைய முறுக்கிப் போட்டேன்னா மூணு வருஷத்துக்கு அசையாது. யாருகிட்டயும் கத்துக்கல, நானா கத்துக்கிட்டது. எங்க தெருவு எலக்ட்ரீசியன் கலைச்செல்வன் ஒரு நாளு கட்டையப் புடுங்கிப் பாத்துட்டான். "அண்ணே, ஃபீஸ் கம்பி உருகறதுக்குன்னே போடறது. லோடு மீறுனா அது உருகி, வூட்டக் காப்பாத்தும். நீங்க போட்டது உருகாது. செவுத்துக்குள்ள இருக்கற ஒயருதான் உருகும்"ங்கறான். உருகற கம்பியப் போட்டா அப்பறம் நான்தானேடா தூக்கத்துல எந்திரிச்சு எந்திரிச்சு உருகணும்னேன். சிரிச்சான். சிரிச்சுட்டுப் பேசாம போயிருக்கலாம்ல? போயி என் சம்சாரத்துக்கிட்டச் சொல்லிட்டான்.

வளர்மதி. இட்லி மாவு ஆட்டி விக்கறா சார். பெரிய கிரைண்டரு. காலையில எட்டு மணிக்குப் போட்டான்னா பதினொண்ணு வரைக்கும் கடகடன்னு கெடக்கும். நான் படுக்கற நேரம் பாத்துத்தான் அவளுக்கு மாவு. சத்தங்கூட பழகிப்போச்சு. அவ சொல்லிட்டா, டிரிப்பர் போட்டாத்தான் ஆச்சுன்னு. சரின்னு போட்டோம்.

அந்தப் பெட்டியில ரெண்டு இருக்கு சார். சின்னது பரவால்ல. லோடு ஜாஸ்தியானா விழும், ஒயரு ஒண்ணோட ஒண்ணு ஒட்டுனா விழும், கொம்பு மாதிரி நீட்டியிருக்கற சுவிச்சத் தூக்கிவிட்டா மறுபடி வேலை செய்யும். கம்பி சுத்தற வேலை இல்ல. நல்லதுதான், ஒத்துக்கறேன். பெருசு இருக்கே, அதுதான் வெவகாரம் புடிச்சது. போற கரண்டும் திரும்பி வர்ற கரண்டும் சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டே இருக்குமாம். துளி கொறஞ்சாலும், அது வேற வழியில பூமிக்குப் போவுது, யாரு ஒடம்பு வழியாவோ போவுதுன்னு அர்த்தமாம். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள விழுந்துடுமாம். நானும் அதே வேலைதானே சார் பாக்கறேன்? உள்ள போற லாரி எடை, வெளிய வர்ற லாரி எடை. ஒரு டன்னு ரெண்டு டன்னு முன்னப்பின்ன இருந்தா நான் கண்டுக்கறேனா? கண்டுக்கக்கூடாதுன்னுதானே என்னைய வெச்சிருக்காங்க. இது என்னடான்னா கடுகளவு கொறஞ்சதுக்கு வூட்டையே இருட்டாக்குது.

கிரைண்டரு ஈரமானா விழும். மாவ வழிக்கறப்ப விழும். ஃபேன் நிக்கும். நான் வேர்த்து எந்திரிச்சுப் போயிக் கொம்பத் தூக்கணும். படுப்பேன். விழும். கலைச்செல்வனக் கூப்புட்டேன். "டிரிப்பர் மேல தப்பு இல்லண்ணே, கிரைண்டர்ல கரண்டு கசியுது. மோட்டாரக் கழட்டிக் காயில் கட்டுங்க. ஆமா, ப்ளக்குல மூணாவது காலு எங்க?"ன்னான். மூணாவது காலு... அது வந்து, எங்க வூட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸுல ரெண்டு ஓட்டைதான். அதனால நான் ஒடச்சுட்டேன். எல்லாரும் ஒடைக்கறதுதானே சார்? அந்தக் காலுதான் கசியறதப் பூமிக்கு அனுப்பறதுன்னு ப்ளக்குல எழுதியா ஒட்டியிருக்கான்?

காயில் கட்டக் குடுத்தா நாலு நாளாவும். நாலு நாளு மாவு இல்லன்னா வாடிக்கை போயிடும்னு இவ யோசிச்சா. அடுத்த வாரம், அடுத்த வாரம்னு நானும் சொன்னேன்.

அப்பறம் போன மாசம் ஷாக் அடிச்சிடுச்சு. வளர்மதிக்கு. ஈரத் தரை, ஈரக் கையி, கிரைண்டரு பாத்திரத்தப் புடிச்சவ வுட முடியாம நின்னிருக்கா. பக்கத்து வூட்டு ஜோதி மாவு வாங்க வந்தது, பாத்துட்டு, வெறகுக் கட்டையால கையில அடிச்சுத் தள்ளிவுட்டுச்சு. உசுரு தப்புச்சு. உள்ளங்கையில மட்டும் புண்ணு. இன்னும் ரெண்டு வெரலு சரியா மடங்கல.

எங்க மச்சான் மணிமாறன், அவ தம்பி, பெரம்பலூர்லேருந்து வந்தான். டிரிப்பரு போட்டும் எப்பிடி அடிச்சுதுன்னு கலைச்செல்வன் சட்டையப் புடிச்சான். "டூப்ளிகேட்ட மாட்டிட்டியாடா"ன்னு தெருவே கூடிக் கேக்குது. கலைச்செல்வன் சட்டைய விடுவிச்சுக்கிட்டான் சார். பெட்டிக்கிட்டப் போயி, சோதிக்கற பட்டன அமுக்குனான். டப்புன்னு விழுந்துச்சு. "வேலை செய்யுதுண்ணே"ன்னான். இப்ப விழுந்து என்னடான்னு மச்சான் கன்னத்துல ஒண்ணு வெச்சுட்டான். கலைச்செல்வன் பெட்டியில இருக்கற ஸ்குரூவப் பாத்தான். அதுல புதுசாக் கீறலு. அப்பறம் என்னையப் பாத்தான். ஸ்குரூ டிரைவரப் பையில போட்டுக்கிட்டுப் போயிட்டான். இப்ப எங்க தெருவுல அவன யாரும் வேலைக்குக் கூப்புடறதில்ல. அவனுக்கு வாயில்ல, அவன் தப்பு அது.

மச்சான் அக்காவ அழைச்சிக்கிட்டுப் போயிட்டான். ஒரு மாசம். நானும் போன் பண்றேன், புது கிரைண்டரு வாங்கிட்டேன், மூணு காலு ப்ளக்குக்குப் பாயின்ட் போட்டாச்சு, வாம்மாங்கறேன். அவ ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறா. "நான் கிரைண்டரப் புடிச்சுக்கிட்டு நின்னப்ப உள்ள ஃபேன் சத்தம் கேட்டுச்சு. எப்பவும் நின்னுடுமே, அன்னிக்கு ஏன் நிக்கல?" அதுக்குப் பதில் சொல்லிட்டு வந்து கூப்புடுங்கங்கறா.

கரண்டப் பத்தி அவளுக்கு என்ன சார் தெரியும். ஆனா கேக்கறா பாருங்க.

பேரளி தாண்டிட்டோமா? அப்பச் சீக்கிரம் வந்துடும்.

இல்ல சார்... டிரிப்பரத் தாண்டி ஒயர நேரா சேத்தது நாந்தான். ஷாக் அடிச்சதுக்கு ரெண்டு நாளு முன்னாடி. போனுல வீடியோ பாத்துப் பண்ணுனேன். பெட்டி அப்பிடியே செவுத்துல இருக்கும், கொம்பு மேல தூக்கி நிக்கும், பாத்தா காவலுக்கு நிக்கற மாதிரியே இருக்கும். ஆனா கரண்டு அது வழியாப் போவாது. அவள ஆஸ்பத்திரிக்கு ஏத்தி அனுப்பிட்டு, மச்சான் வர்றதுக்குள்ள ஒயரப் பழையபடி மாட்டிட்டேன். அவசரத்துல ஸ்குரூ கீறிடுச்சு.

அவ கத்துனாளாம் சார். ஜோதி சொல்லுச்சு, தெரு முனை வரைக்கும் கேட்டுச்சாம். நான் அடுத்த ரூம்புல படுத்திருந்தேன். பதினோரு வருஷத்துல அன்னிக்குத்தான் நடுவுல முழிக்காமத் தூங்குனேன். ஜோதி வந்து ஒலுக்குற வரைக்கும் எந்திரிக்கல.

என்ன சார் எந்திரிச்சிட்டீங்க? முன்னாடி சீட்டுல காத்து வருதா? சரி, போங்க, போங்க. பையத் தாண்டிப் போங்க.

...

ஆங், அலோ. பஸ்ஸுலதான்மா இருக்கேன். நாலு ரோடுகிட்ட வந்துட்டேன். இல்ல, நீ பஸ் ஸ்டாண்டுக்கு வராத. கூட யாராச்சும் இருக்காங்களாவா? ஒரு சாருகிட்டப் பேசிக்கிட்டு வந்தேன். உன்கிட்டச் சொல்ல வேண்டியத அவருகிட்டச் சொல்லிட்டேன், அவரு எந்திரிச்சுப் போயிட்டாரு.

மச்சான் பக்கத்துல இருக்கானா? இருக்கட்டும், ஸ்பீக்கர்ல போடு. வெச்சிடாத. நேர்ல வந்தா நான் வேற ஏதாச்சும் சொல்லிடுவேன், இப்பவே கேட்டுக்க. அன்னிக்கு ஃபேன் ஏன் நிக்கலன்னா...