கசக்காத கிரீன் டீ

– மெதுவா வாங்க மாப்ள... என்ன இப்படி மூச்சு வாங்குது?

– ஓடி வந்தேன் அத்தை!

– ஓடியா? யாராவது துரத்தினாங்களா?

– இந்தக் காகிதம்தான் துரத்திச்சு. படிங்க.

– கண்ணாடியை எங்கே வெச்சேன்...

– தலையில இருக்கு.

– ம்... ‘பேருந்து ஓட்டத் தகுதி’... மாப்ள!

– தேறிட்டேன் அத்தை! பிரஷர் ஏறிடுச்சுன்னு பஸ்ஸைப் பிடுங்கிட்டு, ஆறு மாசமா டெப்போ கவுண்டர்ல சீல் குத்த வெச்சாங்க இல்ல? திங்கக்கிழமைலேருந்து மறுபடியும் ஸ்டியரிங்!

– நல்லா இருங்க... நல்லா இருங்க. அப்ப பிரஷர்?

– இறங்கிடுச்சு. எடை ஒன்பது கிலோ குறைஞ்சிருக்கு. டாக்டர் நம்பாம ரெண்டு தடவை மெஷினை மாத்திப் பாத்தார். ‘என்ன பண்ணினீங்க’ன்னு கேட்டார்.

– என்ன சொன்னீங்க?

– ‘மாத்திரை நீங்க குடுத்தது, கிரீன் டீ எங்க அத்தை குடுத்தது’ன்னேன்.

– ஐயையோ! அதை எதுக்கு அவர்கிட்ட போய்...

– எதுக்கா? கொழுப்பு கரையும், ரத்தக்குழாய் சுத்தமாகும், மனசு லேசாகும்னு பத்திரிகையில வந்ததைக் கத்தரிச்சு ஃபிரிட்ஜ்ல ஒட்டினது யாரு?

– ஏதோ... படிச்சதுதான்.

– ஏதோவா? டெப்போவுல இப்ப ஏழு பேர் கிரீன் டீ குடிக்கிறாங்க. எல்லாம் நம்ம பிரசாரம். நேத்து மெக்கானிக் எனக்கும் ஒரு கிளாஸ் போட்டுக் குடுத்தான்.

– ...குடிச்சீங்களா?

– குடிச்சேன்.

– எப்படி இருந்துச்சு?

– கசந்துச்சு அத்தை.

– அவனுக்குப் போடத் தெரிஞ்சிருக்காது. கொதிக்கக் கொதிக்க ஊத்தியிருப்பான்.

– இருக்கும், இருக்கும். உங்க கைப்பக்குவம் யாருக்கு வரும்?

– மாப்ள... உக்காருங்க. ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது.

– இன்னிக்கு என்னை யாராலயும் கோவப்படுத்த முடியாது. டாக்டர் எழுதியே குடுத்திருக்கார்.

– கிண்டல் பண்ணாதீங்க. அந்த டப்பாவுல இருக்கிறது... அது கிரீன் டீயே இல்ல.

– ம்.

– முதல் பொட்டலம் மட்டும்தான் நிஜம். ஒவ்வொரு வாய்க்கும் மூஞ்சியைச் சுளிச்சீங்க. நாலாம் நாள், ‘என்னை விட்டுடுங்க அத்தை’ன்னு கும்பிட்டீங்க. இவர் நாளைக்கு வரமாட்டார்னு பயந்துட்டேன். அதான், தொட்டியில இருந்த புதினாவைக் கிள்ளிக் காயவெச்சு...

– புதினாவா!

– வெந்நீர்ல புதினா. அவ்வளவுதான்.

– அப்ப, வண்டியில வந்து குடிச்சா சத்து உடம்புல ஒட்டாது, நடந்து வந்து வேர்வையோட குடிக்கணும்னு சொன்னது?

– நானாச் சொன்னது.

– ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடுங்கன்னு கேட்டப்ப, மூடி வெச்சா குணம் போயிடும்னு...

– அதுவும்தான். போக மூணு கிலோமீட்டர், வர மூணு. நடந்தாத்தானே உடம்பு இறங்கும்? நேரா நடங்கன்னு சொன்னா கேட்டிருப்பீங்களா?

– மாட்டேன்.

– என் பொண்ணு இருந்த வரைக்கும் உங்களை அதட்டி நடக்க வெச்சா. போன வருஷம் அவ கண்ணை மூடினப்புறம், உங்களை அதட்ட எனக்கு என்ன உரிமை? ஏதோ, டீன்னு சொல்லிக் கூப்பிடத்தான் முடிஞ்சுது.

– அத்தை...

– இருங்க, முழுசாச் சொல்லிடறேன். உங்க உடம்புக்காக மட்டும்னு சொன்னா அதுவும் பொய்தான். பொண்ணே இல்ல, மருமகன் இனிமே இந்தப் பக்கம் எதுக்கு வரப்போறார்னு... காலையில ஆறரைக்கு கேட் திறக்கிற சத்தம் கேட்டாத்தான் எனக்கு அன்னிக்குப் பொழுது விடியும் மாப்ள. இப்ப பஸ் திரும்பக் கிடைச்சாச்சு. காலை ஷிஃப்ட் போட்டுடுவாங்க. இனிமேலும் பொய் சொல்லி உங்களை இழுத்தடிக்கக் கூடாது. ஆறு மாசம் ஒரு நாள் விடாம வந்தீங்களே... அதுக்கு நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்.

– நல்லாயிருக்கே! நன்றி சொல்ல நான் ஓடி வந்தா, நீங்க முந்திக்கிறீங்க. நான் கெஞ்சிக் கூத்தாடி மதிய ஷிஃப்ட் வாங்கியிருக்கேன்.

– மதிய ஷிஃப்டா? எதுக்கு?

– காலையில எனக்கு வேலை இருக்கே. இங்க வரணும், டீ குடிக்கணும்.

– அதான் டீயே இல்லேன்னு சொல்றேன் இல்ல!

– அது எனக்கு அஞ்சாம் நாளே தெரியும். புதினா வாசனை கூடவா தெரியாது என் மூக்குக்கு?

– தெரியுமா! தெரிஞ்சுமா ஆறு மாசம் வாயே திறக்கல?

– திறந்து, நீங்களும் ஆமான்னு ஒத்துக்கிட்டா... அவ இல்லாத வீட்டுக்கு மறுநாள் நான் என்னன்னு சொல்லிக்கிட்டு வர்றது, அத்தை?