பஞ்சுக் கை

என் கை ரொம்ப மிருதுவா இருக்கும் ஐயா. ராணுவ ஆஸ்பத்திரியில எனக்குப் பேரே பஞ்சுக் கைதான். பிசியோதெரபி அறையில எங்க மூணு பேருக்கு வேலை. மத்த ரெண்டு பேரும் முட்டியைத் தொட்டாலே எப்பேர்ப்பட்ட பட்டாளத்துக்காரனும் அம்மாவைக் கூப்பிடுவான். என்கிட்ட வந்தா பாதியிலேயே தூங்கிடுவான்.

முட்டியில குண்டுச் சில்லு பட்டு ஆபரேஷன் முடிஞ்சு வர்றவனுக்கு முதல் சில வாரம்தான் முக்கியம். வலிக்க வலிக்க மடக்கணும். "அடிக்கிற கைதான் அணைக்கும்"னு சொல்லிக்கிட்டே எங்க மூணு பேர்ல பெரியவர் மடக்குவார். அப்ப விட்டா முட்டி இறுகிடும், அப்புறம் ஆயுசுக்கும் கட்டைதான். எனக்கு அது தெரியாதா என்ன, படிச்சதே அதைத்தானே.

எங்க வார்டுல "தேறிட்டான்"னு ஒரு வார்த்தை. வெளியில அது நல்ல வார்த்தை. எங்ககிட்ட, தேறிட்டான்னா திரும்பச் சண்டைக்குப் போறான்னு அர்த்தம். "பரவாயில்லையே, தேறிட்டியே"ன்னு சொன்னா மூஞ்சி செத்துடும். நான் நல்லா நடக்க வச்சு அனுப்பினதுல ஒரு பையன், வாயைத் திறந்தா வார்டே சிரிக்கும். ரெண்டாவது தடவை வந்தப்ப நடக்க வைக்கிறதுக்கு அவனுக்குக் கால் இல்லை. "உங்களுக்கு வேலை மிச்சம்ண்ணே"ன்னான்.

அதுக்கப்புறம் சில பேர்கிட்ட கொஞ்சம் முன்னாடியே கையை எடுத்தேன். "இன்னிக்குப் போதும்ப்பா"ன்னு சொல்வேன். கையெடுத்துக் கும்பிடுவாங்க. முட்டி இறுகும், வீட்டுக்குப் போவாங்க. எத்தனை பேருன்னு கேட்காதீங்க, நான் எண்ணலை. நல்லது பண்றப்ப யாரு எண்ணுவா?

அப்பதான் என் தங்கச்சி புருஷன் வந்தார். அவருக்கும் முட்டிதான். இந்தச் சம்பந்தத்தைப் பேசி முடிச்சவனே நான். பட்டாளத்துக்காரன் வேண்டாம்ணான்னு அவ தலைபாடா அடிச்சுக்கிட்டா, நான் கேட்கலை. அவர் சண்டைக்குப் போனதுலேருந்து அவ என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. எனக்குன்னு இருக்கிறது அவ ஒருத்திதான் ஐயா. வார்டு வாசல்ல என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அண்ணா, காலு போனாலும் போகட்டும், அவரை வீட்டுக்கு அனுப்பிடு"ன்னு அழுதா. சரிம்மான்னேன்.

முன்னெல்லாம் மாப்பிள்ளை கலகலன்னு பேசுவார். இப்ப ஒரு தட்டு கீழ விழுந்தா கட்டிலுக்கு அடியில போயிடுவார். ஒருநாள் தூக்கத்துல பக்கத்துக் கட்டில்காரன் கழுத்தைப் புடிச்சுட்டார். நாலு பேர் சேர்ந்துதான் பிரிச்சோம். முழிப்பு வந்ததும் தன் ரெண்டு கையையும் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தார். டாக்டர் காதுக்கு இது போக வேண்டாம்னு எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டேன். போனா வீட்டுக்கு விடமாட்டாங்களே.

மறுநாள் மேசையில படுத்திருக்கறப்ப, "மச்சான், என்னை அனுப்பிடாதீங்க"ன்னார். பாவம், சண்டைக்குப் பயப்படறார்னு நினைச்சேன். "நான் பார்த்துக்கறேன் மாப்பிள்ளை"ன்னு தோளைத் தட்டிக் கொடுத்தேன். "நல்லா மடக்குங்க மச்சான், கத்தினாலும் விடாதீங்க"ன்னார். ரோஷக்காரர், சும்மா வீறாப்புக்குச் சொல்றார்னு இன்னும் சீக்கிரமாவே கையை எடுத்தேன்.

வீட்டுக்கு அனுப்பின அன்னிக்குத் தங்கச்சி முகத்தைப் பார்த்திருக்கணும் நீங்க. டாக்சி புடிச்சது நான். மடங்காத காலை நீட்டிக்க அவருக்குப் பின் சீட்டு முழுசும். அவ முன்னாடி உட்கார்ந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கிட்டே வந்தா. வீட்டு வாசல்ல அவர் என் சட்டையைப் புடிச்சுக்கிட்டு விடவே இல்லை. நான் ஒவ்வொரு விரலா மெதுவாப் பிரிச்சுவிட்டேன். வலிச்சிருக்காது.

நேத்து மத்தியானம் அசந்து தூங்கினவரை மாத்திரை குடுக்கத் தொட்டு எழுப்பியிருக்கா. அவ்வளவுதான் ஐயா. அக்கம்பக்கத்துக்காரங்க ஓடி வந்தப்ப, அவ தலையை மடியில வச்சுக்கிட்டு எழுந்திரு எழுந்திருன்னு கெஞ்சிக்கிட்டிருந்தாராம். என் தங்கச்சியை வெள்ளைத் துணி போட்டுத்தான் எனக்குக் காட்டினாங்க. கழுத்தை நான் பார்க்கலை, பார்க்கத் தெம்பு இல்லை.

அவரைப் பக்கத்து அறையில உட்கார வச்சிருக்கீங்க. எவ்வளவு கேட்டும் வாயே திறக்கமாட்டேங்கறார்னு சொல்றீங்க. வாயைத் திறக்க வேண்டிய நேரத்துல திறந்தார் ஐயா. அதைச் சொல்லத்தான் வந்தேன். கைதான் அவரோடது. கொன்னது நான்.

மேசையில வச்சு அவர் சொன்னதை உங்ககிட்ட முழுசாச் சொல்லலை. "மச்சான், என்னை வீட்டுக்கு அனுப்பிடாதீங்க, அவளை ஏதாவது பண்ணிடுவேன்"னார். என் கை அவர் முட்டி மேலதான் இருந்துச்சு. ஒவ்வொரு வார்த்தையும் காதுல நல்லாத்தான் விழுந்துச்சு. ஆனா என் தங்கச்சி அப்பதான் என்கிட்ட பேச ஆரம்பிச்சிருந்தா.